மெர்லின் ஓட்டி: பதக்கம் 8-ஆ 9-ஆ? ஜமைக்கா கணக்கா, ஸ்லோவேனியா கணக்கா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூக்காவில் உள்ள தமிழ் மீடியம் பள்ளிக்காக, சப்ஜில்லா விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் ஒட்டுவதற்கு ஒரு சுவர்ச் சார்ட் தயாராகிறது. தலைப்பு ‘சிறிய நாடுகளின் பெரிய ஓட்டக்காரர்கள்’. ஸ்லோவேனியா என்று தேடினால் ஓட்டப்பந்தய வீராங்கனை மெர்லின் ஓட்டி பெயர்தான் முதலில் வருகிறது. ஆனால் ஒரு இடத்தில் ஒலிம்பிக் பதக்கம் 8 என்றும் இன்னொரு இடத்தில் 9 என்றும் இருக்கிறது. சில இடத்தில் ஜமைக்கா, சில இடத்தில் ஸ்லோவேனியா.

இன்னொரு சந்தேகம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் 100 மீட்டரில் தங்கம் வாங்கியவருக்கும் இவருக்கும் ஒரே நேரம், 10.94 நொடி. அப்படியென்றால் ஏன் இவருக்கு வெள்ளி? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். 7, 8-ஆம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்ல முடியுமா?

வேலந்தாவளம் லேன் 4 எழுதியது:

டீச்சர், 9 என்பதுதான் சரி. 8 என்று எழுதியிருப்பது 2009-க்கு முன்னால் எழுதியதாக இருக்கும். வரிசையாகப் பாருங்க:

1980 மாஸ்கோ: 200 மீட்டர் வெண்கலம்.
1984 லாஸ் ஏஞ்சலிஸ்: 100 வெண்கலம், 200 வெண்கலம்.
1992 பார்சிலோனா: 200 வெண்கலம்.
1996 அட்லாண்டா: 100 வெள்ளி, 200 வெள்ளி, 4×100 ரிலே வெண்கலம்.
2000 சிட்னி: 4×100 ரிலே வெள்ளி, 100 வெண்கலம்.

மொத்தம் 3 வெள்ளி, 6 வெண்கலம். தங்கம் இல்லை. குழப்பம் முழுக்க அந்தக் கடைசி வெண்கலத்தில்தான். சிட்னி 100 மீட்டரில் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 10.75, கிரீஸின் தானு 11.12, ஜமைக்காவின் டேனா லாரன்ஸ் 11.18, ஓட்டி 11.19. அதாவது நூறில் ஒரு பங்கில் நாலாவது இடம். 2007-இல் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார், பதக்கம் பறிக்கப்பட்டது. 2009 டிசம்பரில்தான் ஒலிம்பிக் கமிட்டி முடிவு சொன்னது. தானுவுக்குத் தங்கத்தை ஏற்றிக் கொடுக்கவில்லை, வெள்ளியிலேயே விட்டார்கள். லாரன்ஸ் வெள்ளிக்கு ஏறினார், ஓட்டி வெண்கலத்துக்கு. அந்தப் பந்தயத்தில் இன்றைக்கும் தங்கம் யாருக்கும் இல்லை. ஓடும்போது ஓட்டிக்கு 40 வயது, பதக்கம் முடிவானபோது 49.

இந்த 9-உம் ஜமைக்கா கணக்கு. ஒன்றுகூட ஸ்லோவேனியா கணக்கில் வராது. ஓட்டி 1998-இல் ஸ்லோவேனியாவுக்குப் போய் ஸ்ர்ஜன் ஜோர்ஜெவிச் என்ற கோச்சிடம் பயிற்சி எடுத்தார். குடியுரிமை கிடைத்தது 2002 மே மாதம். சிட்னிக்குப் போகும்போது தங்கியதும் பயிற்சி எடுத்ததும் அங்கே, சட்டை மட்டும் ஜமைக்காவுடையது.

உலக சாம்பியன்ஷிப்பில் 14 பதக்கம், அதில் 3 தங்கம்: 1991 ரிலே, 1993-உம் 1995-உம் 200 மீட்டர். ‘தங்கமே வாங்காதவர்’ என்று சார்ட்டில் எழுதிவிடாதீர்கள். ஒலிம்பிக் தங்கம்தான் இல்லை.

1999-இல் நான்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்துக்கான சோதனையில் ஓட்டிக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. ஜமைக்கா சங்கம் குற்றமில்லை என்றது, சர்வதேச அமைப்பு தடை போட்டது, 2000-இல் மேல்விசாரணையில் தடை நீங்கியது. இதை எழுதுவதென்றால் கடைசி வரி வரைக்கும் எழுத வேண்டும். பாதியில் நிறுத்தினால் அது பொய்யாகிவிடும்.

போட்டோஃபினிஷ் எழுதியது:

10.94 கேள்விக்கு.

கேமரா கோட்டை மட்டும்தான் பார்க்கும். ஒரு மெல்லிய செங்குத்துக் கீற்றை நொடிக்கு ஆயிரம், அதற்கும் மேல் தடவை எடுத்து, வரிசையாக ஒட்டி ஒரே படமாக ஆக்கும். அதனால் அந்தப் படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரம் கிடையாது, நேரம். முதலில் வந்தவர் ஒரு ஓரத்தில், பின்னால் வந்தவர் அடுத்து. இதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

நேரம் வாசிப்பது உடம்பின் நடுப்பகுதிக்கு. தலை, கழுத்து, கை, கால், பாதம் எதுவும் கணக்கில்லை. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள உடம்பு, கோட்டின் முன் விளிம்பைத் தொடுகிற கணம். ‘தலையை நீட்டினால் ஜெயிக்கலாம்’ என்று பசங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நெஞ்சைத்தான் சாய்க்க வேண்டும், அதுவும் கடைசிக் காலடியில். 5 மீட்டர் முன்னாலேயே சாய்ந்தால் வேகம் போய்விடும்.

அடுத்தது ரவுண்டிங். கேமரா ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வாசிக்கும். ஆனால் அறிவிக்கிற நேரம் நூறில் ஒரு பங்கு. மூன்றாவது இலக்கம் பூஜ்யமாக இல்லாவிட்டால் எப்போதும் மேலே ஏற்ற வேண்டும், கீழே இறக்கவே கூடாது. அதாவது 10.931-உம் 10.94, 10.940-உம் 10.94. இந்த இரண்டுக்கும் நடுவில் யார் எங்கே வந்தாலும் போர்டில் ஒரே எண். இடத்தை முடிவு செய்ய ஆயிரத்தைப் பார்ப்பார்கள், அறிவிக்க நூறைச் சொல்வார்கள். அட்லாண்டாவில் தங்கம் வாங்கிய அமெரிக்காவின் கெயில் டெவர்ஸும் ஓட்டியும் 10.94, மூன்றாவது குவென் டோரன்ஸ் 10.96. ஜமைக்கா புகார் கொடுத்தது, நடுவர் குழு தள்ளிவிட்டது.

இதே கதை மூன்று வருஷம் முன்னால் 1993 ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப்பிலும் நடந்தது. இதே இரண்டு பேர், இரண்டு பேருக்கும் 10.82, டெவர்ஸுக்குத் தங்கம். கடைசி மீட்டர்களில் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகம் என்று வைத்தால், ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி என்பது 1 சென்டிமீட்டர். கரும்பலகையில் 1 செ.மீ. கோடு போட்டுக் காட்டுங்க டீச்சர், அது போதும்.

இன்னொன்று, 1997 ஏதென்ஸ் உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர் ஃபைனல். ஒரு ஸ்டார்ட்டில் திரும்பி வரச் சொல்லி வெடித்த துப்பாக்கி ஓட்டி காதில் விழவில்லை. கிட்டத்தட்ட பாதித் தூரம் முழு வேகத்தில் ஓடிவிட்டார். மறு ஸ்டார்ட்டில் 7-ஆவது இடம். முழு வேக ஓட்டத்துக்குப் பிறகு தசையில் உள்ள உடனடி எரிபொருள் திரும்பி நிரம்பவே சில நிமிஷம் பிடிக்கும், அந்த இடைவெளி கிடைக்கவில்லை. அதற்கடுத்து அதே மீட்டில் 200 மீட்டரில் வெண்கலம், 22.40. வெள்ளி வாங்கியது இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க, 22.39. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், அதைப் பிடித்தே பாடத்தைத் தொடங்கலாம்.

ஆறாவது லேன் எழுதியது:

லேன் 4 சொன்ன பதக்கக் கணக்கு சரி. ஆனால் ‘ஸ்லோவேனியா’ என்ற கட்டத்தில் ஓட்டியை மட்டும் வைத்தால் அந்த நாட்டுக்கு நியாயம் செய்ததாகாது. மாத்திட்ஸ் ஓசோவ்னிகர் இருக்கிறார். (பெயரின் கடைசி எழுத்து அங்கே ‘ட்ஸ்’ என்றுதான் ஒலிக்கும், ‘மாட்டிக்’ என்று எழுதிவிடாதீர்கள்.)

2006 கோதன்பர்க் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் 100 மீட்டரில் 10.14, வெண்கலம். தங்கம் போர்ச்சுகலின் ஒபிக்வெலு, 9.99. அடுத்த வருஷம் ஒசாகா உலக சாம்பியன்ஷிப்பில் 10.13 ஓடி தேசிய சாதனை வைத்து, ஃபைனலுக்குப் போய் 7-ஆவது இடம். அந்த ஃபைனலில் முதலிடம் டைசன் கே, 9.85. ஸ்லோவேனியாவின் ஜனத்தொகை சுமார் 20 லட்சம். நம்ம பாலக்காடு ஜில்லா 2011 கணக்கில் 28 லட்சம். ஒரு ஜில்லாவை விடச் சின்ன நாட்டிலிருந்து 100 மீட்டர் உலக ஃபைனல். சார்ட்டின் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்பது என் கருத்து.

அதற்கும் முன்னால் பிரிகிதா புகோவெட்ஸ். 1996 அட்லாண்டா 100 மீட்டர் தடை ஓட்டத்தில் 12.59, வெள்ளி. தங்கம் 12.58. நாடு தனியாகி 5 வருஷம்தான் ஆகியிருந்தது.

ஓட்டி ஸ்லோவேனியாவுக்காக ஓடியதில் முக்கியமானவை இவை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்: 44 வயது, 7-ஆவது ஒலிம்பிக், 100-லும் 200-லும் அரையிறுதி. அதே வருஷம் 11.09 ஓடியது ஸ்லோவேனியப் பெண்கள் 100 மீட்டர் சாதனை. 2006 கோதன்பர்க்கில் 46 வயதில் 100 மீட்டர் அரையிறுதி. 2007 ஒசாகாவில் முதல் சுற்று. 2008 பெய்ஜிங்குக்குத் தகுதி நேரம் கிடைக்கவில்லை. 2010 பார்சிலோனா ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 50 வயதில் 4×100 ரிலே. 2012 ஹெல்சிங்கியில் 52 வயதில் ரிலேயின் கடைசி லெக் (நாலாவது ஆள் ஓடுகிற பகுதி).

நாடு மாறுகிற விதியும் பிள்ளைகள் கேட்பார்கள். ஒலிம்பிக் விதிப்படி பழைய நாட்டுக்குக் கடைசியாக ஓடிய நாளிலிருந்து 3 வருஷம் காத்திருக்க வேண்டும், பழைய நாடு சம்மதித்தால் குறைக்கலாம். தடகள அமைப்பு 2018-இல் தன் விதியை இறுக்கியது: 3 வருஷம் காத்திருப்பு, 20 வயதுக்குக் கீழே மாற்றம் இல்லை, ஒரு தடவைக்கு மேல் மாற முடியாது. ஓட்டி மாறிய காலத்தில் இவ்வளவு இறுக்கம் இல்லை.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

ரொம்ப நன்றி. ஓசோவ்னிகர், புகோவெட்ஸ் இரண்டு பேரும் சார்ட்டில் வருகிறார்கள்.

இதிலேயே இன்னொரு கேள்வி. பள்ளி கிரவுண்டில் காலையில் 38 முதல் 52 வயது வரை 5 பெண்கள் வருகிறார்கள். மாஸ்டர்ஸ் (மூத்தோர்) மீட்டில் 100 மீட்டரும் ரிலேயும் ஓட ஆசை. கிரவுண்ட் செம்மண், வெட்டுக்கல் பூமி, நேர்ப்பாதை 80 மீட்டர்தான், கிழக்கு மேற்காக இருக்கிறது. கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். ஓட்டி 40-க்கு மேல் ஓடியதிலிருந்து இவர்களுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

மலையடிவாரம் எழுதியது:

முதலில் ஓட்டியின் எண்களை வயதோடு வரிசையாக வையுங்கள். 36 வயதில் 10.74, 1996 மிலான், அதுதான் வாழ்நாளின் சிறந்த நேரம். 40-இல் 10.99. 44-இல் 11.09. 45-க்கு மேற்பட்ட பிரிவில் 11.34. 50-இல் 11.67. பதினாலு வருஷத்தில் இழந்தது 0.93 நொடி, அதாவது நூற்றுக்கு 9-க்கும் கொஞ்சம் கீழே. முதல் 8 வருஷத்தில் 0.35 நொடிதான் போனது, பின் 6 வருஷத்தில் 0.58. இறக்கம் மெதுவாகத் தொடங்கி 45-க்கு மேல் வேகம் பிடிக்கிறது. உங்கள் 5 பேரில் 38 வயதுக்காரரையும் 52 வயதுக்காரரையும் ஒரே அட்டவணையில் ஓட விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வயது ஏறும்போது எது குறைகிறது? காலடி எண்ணிக்கை, அதாவது நொடிக்கு எத்தனை எட்டு என்பது, பெரிதாகக் குறையாது. எட்டின் நீளம் குறையும், பாதம் தரையில் தங்குகிற நேரம் கூடும். தரையைத் தள்ளுகிற பலம் போவதால் இது. அதனால் மூச்சு வாங்க 400, 800 என்று ஓட வைப்பதில் 100 மீட்டருக்குப் பிரயோஜனம் இல்லை. குறைந்த தூரம், முழு வேகம், நீண்ட ஓய்வு, கூடவே கால் பலப் பயிற்சி.

தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் டாக்டரிடம் போய் பி.பி., சுகர், ஈ.சி.ஜி. பார்த்துவிட வேண்டும். முழு வேக ஓட்டம் நடைப்பயிற்சி மாதிரி இல்லை. இதில் சமரசம் வேண்டாம்.

வார்ம் அப் 35 நிமிஷம், காலை 6 மணிக்கு என்றால் இன்னும் 5 நிமிஷம் கூட. 8 நிமிஷம் மெது ஓட்டம், பிறகு கால் ஆட்டல் பக்கத்துக்குப் பத்து, முழங்கால் தூக்கி நடை, குதித்து நடை 20 மீட்டர் மும்மூன்று. அப்புறம் 50 மீட்டர் நாலு தடவை: 60, 70, 80, 85 சதவீத வேகம், நடந்து திரும்புதல். இந்த நாலாவது ஓட்டத்தில் தொடையின் பின்பக்கம் சுருக்கென்று இழுத்தால் அன்றைக்கு வேக ஓட்டம் கிடையாது, வீட்டுக்குப் போகலாம்.

வாரத்தில் வேக நாள் இரண்டே இரண்டு, நடுவில் குறைந்தது 72 மணி நேரம். திங்கள்: நின்ற நிலையிலிருந்து 10 மீட்டர் நாலு, 20 மீட்டர் நாலு, 30 மீட்டர் இரண்டு. கூட்டினால் 180 மீட்டர், அவ்வளவுதான். ஓய்வு 10 மீட்டருக்கு ஒரு நிமிஷம் என்று கணக்கு, 30 ஓடினால் 3 நிமிஷம். வியாழன்: 25 மீட்டரில் வேகம் ஏற்றி, அடுத்த 20 மீட்டர் முழு வேகம், நாலு தடவை, நடுவில் 6 நிமிஷம். உங்கள் 80 மீட்டருக்கு இது கச்சிதம். 45 ஓடி, நிற்க 35 மீட்டர் மிச்சம் இருக்கும். 80-ஐயும் ஓட விட்டு மதில் பக்கத்தில் பிரேக் போட வைக்காதீர்கள். முன்தொடையும் முழங்கால் சிப்பியும் அங்கேதான் கெடும், ஓட்டத்தில் இல்லை.

நீண்ட ஓட்டத்துக்கு 200 மீட்டர் வட்டத்தில் வளைவைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். சின்ன வட்டத்தின் வளைவு இறுக்கமாக இருக்கும், இடது குதிகால் நரம்பிலும் கீழ்க்காலின் உள்பக்கத்திலும் பாரம் ஏறும். மாதம் இரண்டு தடவை பாலக்காடு மெடிக்கல் காலேஜ் சிந்தெடிக் ட்ராக்குக்குப் போய் 80 மீட்டர் மூன்று, 90 சதவீத வேகம், 8 நிமிஷ ஓய்வு. மண்ணிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறும்போது முதல் இரண்டு தடவை ஸ்பைக் (ஆணி வைத்த ஷூ) போடக்கூடாது, சாதா ஷூ. இல்லாவிட்டால் மறுநாள் கெண்டைக்கால் கல்லாகிவிடும்.

ஸ்பைக் ஆணி: சிந்தெடிக்கில் 6 மி.மீ. போதும், 9-க்கு மேல் விதியே விடாது. செம்மண் தரைக்கு 9 அல்லது 12. வெட்டுக்கல் தெரிகிற இடத்தில் ஆணி குத்தாது, வழுக்கும். அங்கே ஸ்பைக்கே வேண்டாம்.

பலப் பயிற்சியில் விடக்கூடாதது இரண்டு. முழங்காலிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து 3, 4 நொடியில் முன்னால் இறங்குவது. முதல் வாரம் 3 தடவை இரண்டு செட், வாரம் ஒன்று கூட்டி 6 தடவை மூன்று செட் வரை. தொடைப் பின்தசை கிழிவதைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. வேக நாளுக்கு முந்தின நாள் செய்யவே கூடாது. இரண்டாவது, படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி மெதுவாக இறக்குவது, 12 தடவை மூன்று செட், முழங்கால் நேராக ஒரு தரம், மடக்கி ஒரு தரம். காலையில் படுக்கையிலிருந்து இறங்கும் முதல் பத்து எட்டில் குதிகால் நரம்பு வலித்தால் அந்த வாரம் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

ஏதென்ஸ் 2004-ஐ இந்தக் கண்ணோடு பாருங்கள். அங்கே 100-க்கும் 200-க்கும் ஃபைனலுக்கு முன்னால் மும்மூன்று சுற்று. ஓட்டி 100-இல் அரையிறுதி வரை ஓடினார், 200-இல் அரையிறுதியில் காயத்தோடு நின்றார். அது அந்த மீட்டின் 6-ஆவது ஓட்டம். 44 வயதிலும் வேகம் இருந்தது, ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் தேறுவதுதான் இளவயசுக்காரர்கள் மாதிரி இல்லை. உங்கள் பெண்களை ஒரே நாளில் 100, 200, ரிலே மூன்றுக்கும் பெயர் கொடுக்க விடாதீர்கள்.

மாஸ்டர்ஸ் பிரிவில் ஸ்டார்ட்டிங் பிளாக் (தொடங்கும்போது காலை ஊன்றித் தள்ளுகிற கட்டை) கட்டாயம் இல்லை, நின்றபடியே தொடங்கலாம். 50 தாண்டியவருக்கு இடுப்பு இறுக்கமாக இருந்தால் நின்ற ஸ்டார்ட்தான் வேகமாக வரும். பிளாக் பழக வேண்டும் என்றால் முன் பெடல் கோட்டிலிருந்து இரண்டு பாத நீளம், பின் பெடல் மூன்று பாத நீளம் என்று தொடங்குங்கள். வெட்டுக்கல்லில் பிளாக் ஆணி இறங்காது. முந்தின சாயங்காலம் அந்த இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

கணவாய்க் காற்று எழுதியது:

மலையடிவாரம் அண்ணா எல்லாம் சொல்லிவிட்டார், காற்றை விட்டுவிட்டார். கிரவுண்ட் கிழக்கு மேற்கு என்றால் நம்ம ஊரில் அதுதான் முதல் பிரச்சனை.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேக்காத்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் காத்து. இரண்டும் உங்கள் நேர்ப்பாதையோடு சேர்ந்தே அடிக்கும். டிசம்பரில் மேற்கே பார்த்து ஓடினால் எல்லோருக்கும் நேரம் பிரமாதமாக வரும், அதை நம்பி மீட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான்.

விதி இது. 100 மீட்டருக்கு ஸ்டார்ட் வெடித்ததிலிருந்து 10 நொடி காற்றை அளப்பார்கள். கருவி முதல் லேன் பக்கத்தில், முடிவுக்கோட்டிலிருந்து 50 மீட்டர், தரையிலிருந்து 1.22 மீட்டர் உயரம், பாதையிலிருந்து 2 மீட்டருக்குள். பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால் நேரம் சாதனைக் கணக்கில் வராது, இடமும் பதக்கமும் செல்லும். 2.03 என்று காட்டினால் 2.1 என்று ஏற்றித்தான் எழுதுவார்கள், சாதனை போச்சு. 2.0 பின்காற்று 100 மீட்டரில் சுமாராக 0.10 நொடி கொடுக்கும். ஓட்டியின் 10.74-உம் 200 மீட்டரில் 1991-இல் ஓடிய 21.64-உம் இந்த எல்லைக்குள் ஓடியவை. 1993-இல் லியவின் நகரில் ஓடிய 21.87 உள்ளரங்கில், அங்கே காற்றே இல்லை, அது இன்னும் உலக சாதனையாக நிற்கிறது.

உங்களிடம் கருவி இருக்காது. ஒரு குச்சியில் 1.2 மீட்டர் உயரத்தில் ஒரு முழம் ரிப்பன் கட்டி, பாதைக்கு நடுவில் நடுங்கள். ரிப்பன் தொங்கினால் நேரம் எடுக்கலாம், லேசாக ஆடினாலும் பரவாயில்லை. கிடைமட்டமாகப் பறந்தால் ஸ்டாப்வாட்சைப் பையில் வையுங்கள். இரண்டு திசையிலும் ஓடி சராசரி எடுக்கலாமே என்பார்கள். எதிர்காற்று எடுப்பது பின்காற்று கொடுப்பதைவிட அதிகம், அதனால் சராசரியும் கொஞ்சம் மந்தமாகத்தான் காட்டும். ஒப்பிட வேண்டும் என்றால் காற்று எழும்பாத அதே காலை நேரம், அதே திசை. காற்றோடு ஓடுவது வேகப் பழக்கத்துக்கு நல்லது, காற்றை எதிர்த்து 20 மீட்டர் ஓடுவது ஸ்டார்ட்டுக்கு நல்லது. பயிற்சிக்கு இரண்டையும் வையுங்கள், நேரத்துக்கு இரண்டையும் நம்பாதீர்கள்.

போட்டோஃபினிஷ் எழுதியது:

ஸ்டாப்வாட்ச் பற்றி இரண்டு வரி. கையால் எடுத்த நேரத்தை எப்போதும் பத்தில் ஒரு பங்குக்கு மேலே ஏற்ற வேண்டும்: வாட்ச் 15.21 காட்டினால் 15.3. அதை எலக்ட்ரானிக் நேரத்தோடு ஒப்பிட 0.24 கூட்ட வேண்டும், 15.54 ஆகும். காரணம், துப்பாக்கிச் சத்தம் கேட்டு அமுக்குகிற விரல் பிந்தும், முடிவில் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் பிந்தாது. முடிவுக்கோட்டில் நிற்பவர், ஸ்டார்ட் கொடுப்பவரின் கைக்குட்டையையோ துப்பாக்கிப் புகையையோ பார்த்து அமுக்க வேண்டும், சத்தத்தைக் கேட்டு அல்ல. 100 மீட்டருக்குச் சத்தம் வந்து சேர மட்டும் கிட்டத்தட்ட 0.3 நொடி.

ஆறாவது லேன் எழுதியது:

ரிலேக்கும் சேர்த்து. கோலைக் கைமாற்றுகிற எல்லை 2017 கடைசி வரை 20 மீட்டர், அதற்கு முன்னால் 10 மீட்டர் வேகமெடுக்க. இப்போது மொத்தமாக 30 மீட்டர். ஓட்டி ஓடிய 2010, 2012 ரிலே பழைய விதிப்படி. மாறியதை மறந்து பழைய கோட்டிலேயே பழகினால் கடைசி நேரத்தில் குழப்பம் வரும்.

வயதானவருக்குக் கடைசி லெக் பொருத்தம். வாங்க மட்டும் வேண்டும், கொடுக்க வேண்டாம், பெரும்பாலும் நேர்ப்பாதை. வாங்குபவர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் தரையில் ஒரு குறி போடுங்கள், 22 பாத நீளத்தில் தொடங்குங்கள். வருபவர் குறியைத் தொட்டதும் நிற்பவர் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். எட்டிப் பிடிக்க முடியாவிட்டால் ஒரு பாதம் குறையுங்கள், முட்டிக்கொண்டால் ஒரு பாதம் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். பெரும்பாலும் கெடுவது நிற்பவர் பயந்து மெதுவாகப் புறப்படுவதால். 5 பேரில் நாலு பேரை இப்போதே முடிவு செய்து வரிசையை மாற்றாமல் பழகுங்கள், ஐந்தாவது ஆள் இரண்டு இடத்துக்குப் பழகட்டும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

சார்ட்டில் இப்படி எழுதியிருக்கிறது, சரியா?

‘மெர்லின் ஓட்டி. பிறப்பு 1960, ஜமைக்கா. 2002 முதல் ஸ்லோவேனியா. 7 ஒலிம்பிக், 9 பதக்கம் (ஸ்லோவேனியாவுக்காக). 100 மீ: 10.74, 1996, 35 வயது. 1997 உலக சாம்பியன்ஷிப் 200 மீ: 22.4, வெண்கலம்.’

வேலந்தாவளம் லேன் 4 எழுதியது:

மூன்று திருத்தம், டீச்சர்.

அடைப்புக்குறியில் ‘ஜமைக்காவுக்காக’ என்று மாற்றுங்கள். 7 ஒலிம்பிக்கில் 6 ஜமைக்கா, 1 ஸ்லோவேனியா.

பிறந்தது 1960 மே 10, மிலான் ஓட்டம் 1996 செப்டம்பர். 36 வயது.

22.4 அல்ல, 22.40. கடைசிப் பூஜ்யத்தை விட்டால் அது ஸ்டாப்வாட்சில் கையால் எடுத்த நேரம் என்று அர்த்தமாகும். 22.39-க்கும் 22.40-க்கும் நடுவில்தான் வெள்ளியும் வெண்கலமும் பிரிந்தது. புகோவெட்ஸ் 12.59 பக்கத்தில் இடம் இருந்தால் நம்ம பி.டி. உஷாவின் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் 400 மீட்டர் தடை ஓட்டத்தையும் எழுதுங்கள்: 55.42, நாலாவது இடம், வெண்கலம் 55.41. எல்லாவற்றிலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்.